42 கேள்விகளில் எதை வைப்பது, எதை வெட்டுவது? ஓர் எண்ணெய்க் கடையின் கேள்வித்தாள்

கேள்வி: ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டி விற்கிறோம். மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கலாமா என்று யோசனை. எம்.பி.ஏ. படிக்கும் அக்கா மகன் 42 கேள்விகளோடு ஒரு கூகுள் ஃபார்ம் தயார் செய்திருக்கிறான். "384 பேர் பதில் போட்டா போதும் மாமா" என்கிறான். வாட்ஸ்ஆப் குழுக்களில் அனுப்பிவிடலாமா? நல்ல கேள்வித்தாள் என்றால் எப்படி இருக்க வேண்டும்?

பதில்:

ஃபார்மைப் பார்த்தேன், இப்போதைக்கு அனுப்பாதீர்கள். தம்பி கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். பெயர், வயது, பாலினம், திருமண நிலை, படிப்பு, மாத வருமானம் என்று தொடங்குகிறது. பிறகு "செக்கு எண்ணெயின் நன்மைகளை நீங்கள் அறிவீர்களா?", "ரீஃபைண்ட் எண்ணெய் உடல்நலத்துக்குக் கேடு என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று ஐந்து கட்டங்களில் டிக் அடிக்கச் சொல்கிறது. கடைசியில் "தரமான செக்கு எண்ணெய் நியாயமான விலையில் வீடு தேடி வந்தால் வாங்குவீர்களா?" என்று முடிகிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இது தாராளமாகப் போதும். வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் டெஸ்ட் போட்டு ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம். உங்கள் கவலையோ வேறு. வண்டி வாங்குவதா, ஆள் போடுவதா, எந்தப் பக்கம் முதலில் போவது, எத்தனை லிட்டர் கேனில் அடைப்பது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த 42 கேள்விகளில் இந்த முடிவுகளைத் தொடுபவை மூன்றோ நான்கோதான்.

அதனால் கேள்வித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதுங்கள். அதன் கீழே, பதில்கள் வந்தபிறகு எந்த அட்டவணையைப் பார்த்து முடிவு செய்வீர்களோ அதை எண்கள் இல்லாமல் வெறும் கட்டமாக வரையுங்கள். உதாரணமாக, இடது பக்கம் சூரம்பட்டி, வீரப்பன்சத்திரம், பெருந்துறை ரோடு. மேலே "மாதம் எத்தனை லிட்டர்", "இப்போது எங்கே வாங்குகிறார்கள்". அந்தக் கட்டத்தை நிரப்பத் தேவைப்படும் கேள்வி மட்டும் உள்ளே வரட்டும். ஒவ்வொரு கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள்: நூற்றுக்கு எண்பது பேர் "ஆமாம்" என்றால் என்ன செய்வேன், இருபது பேர்தான் "ஆமாம்" என்றால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கேள்வி வெட்டு. திருமண நிலை இந்தச் சோதனையில் முதல் ஆளாக விழும்.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் இங்கேதான் பிடிபடும். 1985இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. மாற்றுவதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரைச் சுவைத்துப் பார்க்க வைத்தார்கள். புதுச் சுவைதான் பிடித்திருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். "புதுசு வந்தால் பழசு கடையில் கிடைக்காது, பரவாயில்லையா?" என்பதை யாரும் நேராகப் போட்டு உடைக்கவில்லை. ஏப்ரலில் புதியது வந்தது, கொந்தளிப்பு கிளம்பியது, 79 நாளில் பழைய பானம் திரும்பி வந்தது. கேட்ட கேள்விக்கு மக்கள் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவுக்கான கேள்வி அது இல்லை.

அடுத்து, யாரைக் கேட்பது என்பது. 384 என்ற அந்த எண் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுகளில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. கிரெய்சி, மார்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது அது. மக்கள்தொகை எவ்வளவு பெரியதானாலும், 95 விழுக்காடு நம்பிக்கையோடு, 5 விழுக்காடு கூடக்குறைய ஒரு விகிதத்தைச் சொல்ல 384 பேர் போதும் என்பது கணக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்பு இருந்து, குலுக்கல் முறையில் எடுத்த 384 ஆக இருக்க வேண்டும். உங்கள் அபார்ட்மெண்ட் குழு, பள்ளி நண்பர்கள் குழு, தம்பியின் கல்லூரிக் குழு மூன்றிலும் ஃபார்வர்டு ஆகி வந்த 384க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 3,840 வந்தாலும் பொருந்தாது.

இதற்கு வரலாற்றிலேயே பெரிய சாட்சி அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை. 1936 அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, ஏறக்குறைய 24 லட்சம் பதில் வாங்கி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிஃபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்தார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் ஒரு தனி ரகம். அதோடு மெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்களும் ஒரு தனி ரகம். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ஏறக்குறைய 50,000 பேரை மட்டும் வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார் என்பதைச் சரியாகச் சொன்னார்.

உங்களுக்கு மூன்று வகை ஆட்கள் வேண்டும். இப்போது உங்களிடம் வாங்குபவர்கள், முன்பு வாங்கிவிட்டு நின்றுபோனவர்கள், ஒருபோதும் வாங்காதவர்கள். முதல் இரண்டு வகையும் உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறார்கள். மூன்றாவது வகைக்கு, வண்டி போகக்கூடிய பகுதிகளில் சில தெருக்களைத் தேர்ந்தெடுத்து ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போகச் சொல்லுங்கள். வகைக்கு நாற்பது பேர் நேரில் பேசினால், கண்ணை மூடிக்கொண்டு ஃபார்வர்டு செய்த லிங்கைவிடப் பல மடங்கு தெரியவரும். துல்லியமான விழுக்காடு கிடைக்காது. உங்கள் முடிவுக்கு அவ்வளவு துல்லியம் தேவையும் இல்லை.

இவர்களில் மிக முக்கியமானவர்கள் நின்றுபோனவர்கள். அவர்களைக் கேட்க நீங்கள் போகாதீர்கள். முதலாளி நேரில் வந்து நிற்கும்போது "உங்க எண்ணெய் ஒரு தடவை காறல் அடிச்சுது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார்கள், அது யாரையும் புண்படுத்தாத காரணம். நீங்களும் விலையைக் குறைத்துவிட்டு, அப்புறமும் ஏன் வரவில்லை என்று தலையைச் சொறிவீர்கள். தம்பியையும் அவர் வகுப்பு நண்பர்களையும் அனுப்புங்கள். கடையின் பெயரைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம். ஓர் எண்ணெய் வியாபாரிக்காகக் கேட்கிறோம் என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

சரி, இனி கேள்விகளுக்கு வருவோம். இதில் நான் கறாராக இருப்பது ஒரு விஷயத்தில்: "செய்வீர்களா" என்று கேட்பதைக் குறைத்து, "செய்தீர்களா" என்று கேளுங்கள். செக்கு எண்ணெய் விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை. நல்ல எண்ணெய் சாப்பிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. கேட்டால் எல்லோரும் செக்குக் கட்சிதான். அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தால் சன்ஃப்ளவர் பாக்கெட் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. "உங்களுக்கு எது நல்லதென்று தோன்றுகிறது?" என்று கேட்டதாகவே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். "கடைசியாக எண்ணெய் வாங்கியது எப்போது? எங்கே? என்ன எண்ணெய்? எத்தனை லிட்டர்? எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேட்டால் நடந்தது வெளியே வரும். முடிந்தால் "அந்த பாக்கெட்டைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" என்றும் கேட்கலாம். பல வீடுகளில் சிரித்துக்கொண்டே எடுத்து வந்து காட்டுவார்கள்.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பொறி உண்டு. "நீங்கள் என்ன எண்ணெய் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டால் ரேஷன் பாமாயில் பதிலில் வராது. லிட்டர் 25 ரூபாய்க்கு மாதம் ஒரு பாக்கெட் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும், வடை சுட, அப்பளம் பொரிக்க அதுதான் போகும். ஆனால் ரேஷனில் கிடைப்பதைப் பலர் "வாங்குவது" என்ற கணக்கிலேயே வைப்பதில்லை. உங்களுக்கோ இந்த ஒரு லிட்டர் முக்கியம். வீட்டின் மொத்தச் செலவு மாதம் நான்கு லிட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதில் ஒன்று ரேஷனிலிருந்து வருகிறது என்று தெரியாமல் போனால், நீங்கள் பிடிக்கக்கூடிய சந்தையை மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போட்டுவிடுவீர்கள். ரேஷனைத் தனிக் கேள்வியாகவே வையுங்கள்.

எத்தனை நாள் கணக்கைக் கேட்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. நம் நாட்டின் தேசிய மாதிரி ஆய்வு குடும்பச் செலவைப் பல காலமாகக் கடந்த 30 நாள் கணக்காகக் கேட்டுவந்தது. 1990களின் நடுவில் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் உணவுச் செலவைக் கடந்த 7 நாள் கணக்காகக் கேட்டுப் பார்த்தார்கள். மாதக் கணக்குக்கு மாற்றியபோது செலவு கணிசமாகக் கூடுதலாக வந்தது. பிறகு 1999-2000 சுற்றில் ஒரே குடும்பத்திடம் 7 நாள், 30 நாள் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டார்கள். ஒன்றின் பதில் இன்னொன்றை இழுத்துவிட்டது என்று பொருளியலாளர்கள் கிளப்பிய வாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. வறுமை 36 விழுக்காட்டிலிருந்து 26க்கு இறங்கியது நிஜமா, கேள்வித்தாள் மாறியதால் வந்த மாயமா என்பதுதான் சண்டை. ஒரு நாட்டின் வறுமைக் கணக்கையே ஆட்டிப்பார்த்த விஷயம், உங்கள் லிட்டர் கணக்கை விட்டுவைக்குமா? எண்ணெய் பெரும்பாலும் மாத மளிகைப் பட்டியலில் வருவது, அதனால் "கடைசியாக மாதச் சாமான் வாங்கியபோது" என்று கேட்பதுதான் பொருத்தம். அன்றாடம் அரை லிட்டர் பாக்கெட்டாக வாங்கும் வீடுகளுக்கு "போன ஒரு வாரத்தில்" என்று மாற்றிக் கேளுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். முறுக்கும் அதிரசமும் உங்கள் கணக்கை வீங்க வைத்துவிடும்.

சொற்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம், உங்கள் ஃபார்மில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். "எண்ணெயின் தரமும் விலையும் திருப்தியாக உள்ளதா?" இது இரண்டு கேள்வி. தரம் பிடித்து விலை பிடிக்காதவர் எங்கே டிக் அடிப்பார்? "நியாயமான விலையில்" என்றால் ஒருவருக்கு 180, இன்னொருவருக்கு 300. அப்படிப்பட்ட விலையில் வாங்குவீர்களா என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? "தரமான" என்ற சொல்லும் அப்படியே. "ரீஃபைண்ட் எண்ணெய் கேடு என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்பதில் உங்கள் பதிலை நீங்களே எழுதிவைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

"செக்கு எண்ணெய் வாங்காமல் இருப்பதற்கு விலை காரணமில்லை என்று கருதுகிறீர்களா?" என்ற 27ஆம் கேள்வியை நான் மூன்று முறை படித்தேன். எதிர்மறையில் கேட்கும் கேள்வி எந்த மொழியிலும் ஆபத்து. 1992இல் அமெரிக்காவில் ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நடத்திய ஆய்வில், யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் "சாத்தியம்" என்றார்கள், நாடே அதிர்ந்தது. 1994இல் கேள்வியை நேராக்கிக் கேட்டபோது அது 1 விழுக்காடாகச் சுருங்கியது. நம் பேச்சில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். "செக்கு எண்ணெய் வாங்குறதில்லையா?" என்று கேட்டால் "ஆமா" என்பவரும் வாங்காதவர்தான், "இல்லை" என்பவரும் வாங்காதவர்தான். கேட்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? "இல்லை", "இல்லாமல்", "தவிர" வரும் கேள்வி எல்லாவற்றையும் நேராக்குங்கள்.

மொழி நடையும் கவனிக்க வேண்டியது. "தங்களது சமையல் எண்ணெய் நுகர்வுப் பழக்கம்" என்று தாளில் இருந்தால், கேட்கப்போகும் பையன் வாசலில் நின்று அதை அப்படியே வாசிக்க மாட்டான். அவன் வாயில் வந்தபடி மாற்றிக் கேட்பான், அடுத்த தெருவில் இன்னொருவன் வேறு மாதிரி. கடைசியில் ஒரே எண் போட்ட நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த பதில்களைக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். வாயால் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படியே தாளிலும் எழுதுங்கள். பேச்சுத்தமிழில் எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

பதில் தேர்வுகளும் பேசும். ஜெர்மனியில் உளவியலாளர் நோர்பர்ட் ஷ்வார்ட்ஸும் சகாக்களும், தினம் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு குழுவுக்கு "அரை மணி வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடியும் தேர்வுகளைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு "இரண்டரை மணி வரை" என்று தொடங்கி மேலே போகும் தேர்வுகள். 1985இல் வெளியான முடிவு: முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 16 விழுக்காடு, இரண்டாவதில் சுமார் 38. நடுவில் இருக்கும் கட்டம்தான் "சாதாரணம்" என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள், சாதாரணத்தைவிட ரொம்பத் தள்ளிப்போக யாருக்கும் விருப்பமில்லை. உங்கள் ஃபார்மில் "1-2 லிட்டர், 2-3 லிட்டர், 3-4 லிட்டர், 4க்கு மேல்" என்று இருக்கிறது. சரியாக 2 லிட்டர் வாங்குபவர் எங்கே போவார் என்பது ஒரு சிக்கல்; எட்டு லிட்டர் வாங்கும் கூட்டுக்குடும்பம் "நாமதான் ரொம்ப எண்ணெய் ஊத்துறோமோ" என்று யோசிக்க ஆரம்பிப்பது இன்னொன்று. லிட்டர் கணக்குக்குக் கட்டமே வேண்டாம், எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

காரணம் கேட்கும் கேள்விகளில் இதற்கு நேர்மாறான சிரமம். பட்டியல் கொடுத்தால் பட்டியலில் உள்ளதைத்தான் சொல்வார்கள். 2008 அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் பியூ ஆய்வு மையம், ஓட்டுப்போட எது முக்கியக் காரணம் என்று கேட்டது. பட்டியல் கொடுத்தபோது 58 விழுக்காட்டினர் "பொருளாதாரம்" என்றார்கள்; பட்டியல் இல்லாமல் கேட்டபோது 35. அதற்காக எல்லாவற்றையும் திறந்து விட்டால் எண்ணி முடியாது. நடுவழி: முதல் பதினைந்து இருபது பேரிடம் பட்டியல் இல்லாமல் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்துப் பட்டியலாக்கி மீதிப் பேருக்குப் பயன்படுத்துங்கள். "குளிர்காலத்துல தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோகுது", "கேன் திறந்தா வழியுது" மாதிரி நீங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் வராத காரணங்கள் அப்போதுதான் வரும்.

ஐந்து கட்ட அளவுகோலைப் பற்றி. ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் கொண்டுவந்தது, நல்ல கருவிதான். ஆனால் வாசலில் நின்று இருபது வாக்கியங்களுக்கு "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை..." என்று ஒப்பித்தால், நான்காவது வாக்கியத்தில் "எல்லாத்துக்கும் ஒத்துக்கிறேன்னு போட்டுக்கோங்க தம்பி" என்று பதில் வரும். ஃபார்மில் என்றால் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழே டிக். வேண்டுமென்றால் இரண்டு படியாகக் கேளுங்கள்: "பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?" அப்புறம் "ரொம்பவா, ஓரளவா?" உங்கள் தேவைக்கு இப்படி இரண்டு கேள்விக்கு மேல் வேண்டியதில்லை. தம்பி "க்ரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல வரணும் மாமா" என்றால், அது ஒரு விஷயத்தைப் பல வாக்கியங்களால் அளக்கும்போது அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என்று சொல்லுங்கள். கேள்வியே தப்பாக இருந்தாலும் ஆல்ஃபா அழகாக 0.9 வரலாம்.

வரிசைக்கு வருவோம். 1948இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். ரஷ்யாவுக்குள் அமெரிக்க நிருபர்களை விட வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73 விழுக்காடு. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்ற கூச்சம் புகுந்துவிட்டது. உங்கள் ஃபார்மில் பத்துக் கேள்விக்குச் செக்கு எண்ணெயின் பெருமை, ரீஃபைண்டின் தீமை. அதற்குப் பிறகு "வாங்குவீர்களா?" என்று கேட்டால், கேட்டது ஆய்வு இல்லை, விளம்பரம். பழக்கம் முதலில், பிறகு உங்கள் திட்டம், கருத்துகள் கடைசியில்.

சொந்த விவரங்களும் கடைசியில்தான். முன்பின் தெரியாத ஆள் வந்த உடனே மாதச் சம்பளம் கேட்டால் கதவு சாத்தப்படும், அல்லது ஏதோ ஓர் எண் சொல்லப்படும். நம் நாட்டுச் சந்தை ஆய்வுக்காரர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். 2011இல் வந்த புதிய நுகர்வோர் வகைப்பாட்டு முறை, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு தொடங்கி ஃப்ரிட்ஜ், கார், ஏசி, விவசாய நிலம் வரை 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்பதையும் வைத்தே குடும்பத்தை வகை பிரித்தது. சம்பளத்தைக் கேட்கவே இல்லை. உங்களுக்கு நான்கைந்து பொருள் கேட்டாலே போதும். பெயரும் போன் நம்பரும் தனித்தாளில் இருக்கட்டும், விருப்பமிருந்தால் மட்டும் வாங்குங்கள், எதற்காக என்று சொல்லி வாங்குங்கள். 2023ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

யார் பதில் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் ஃபார்ம் நிரப்புபவர் வீட்டுக்காரராக இருப்பார். என்ன எண்ணெய் என்று முடிவு செய்வது அவர் மனைவி; சில வீடுகளில் மாமியார். காசு கொடுப்பவர் ஒருவர், பட்டியல் போடுபவர் ஒருவர். பட்டியல் போடுபவரிடம் பேசுங்கள். காலைச் சமையலும் பள்ளிக்கூட அவசரமும் முடிந்து பத்தரை மணிக்கு மேல் போனால் ஆற அமரப் பேசுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை.

விலை பற்றிய கேள்வி தனிக்கலை. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் பேரம்தான் ஆரம்பிக்கும். டச்சுக்காரரான வான் வெஸ்டண்டார்ப் 1976இல் நான்கு கேள்வி முறை ஒன்றைச் சொன்னார். எந்த விலையில் ரொம்ப மலிவு, தரமே சந்தேகம் என்று தோன்றும், எதில் நல்ல விலை என்று தோன்றும், எதில் அதிகம் ஆனாலும் வாங்கலாம், எதில் வாங்கவே மாட்டீர்கள் என்பது அது. நேரில் பொறுமையாகக் கேட்டால் பலன் உண்டு. உங்களுக்கு அதைவிட எளிய வழி: மூன்று விதமான அட்டை அடியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே திட்டம், 2 லிட்டர் கேனின் விலை மட்டும் வேறுவேறு. வீடு மாற்றி வீடு ஓர் அட்டை காட்டுங்கள். ஒருவருக்கு ஒரு விலைதான் தெரியும். எந்த விலையில் ஆர்வம் சட்டென்று விழுகிறது என்பது மூன்று கட்டுகளையும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"வாங்குவீர்களா?" என்பதைத் தவிர்க்கவே முடியாது என்றால் ஆம்-இல்லை வேண்டாம். 1966இல் பொருளியலாளர் தாமஸ் ஜஸ்டர் காட்டியபடி, 0 முதல் 10 வரை வாய்ப்பைக் கேளுங்கள்: "அடுத்த மாசம் இதுல சேர எவ்வளவு வாய்ப்பு இருக்கு, பத்துக்குச் சொல்லுங்க." "ஆமாம்" சொல்பவர்கள் பலர் இங்கே நாலு, அஞ்சு என்று இறங்குவார்கள். அதற்கு அடுத்தபடியாக, நான் எல்லாவற்றையும்விட நம்புவது இதை: "100 ரூபாய் கொடுத்தால் இப்போதே பதிவு செய்துவிடலாம், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்." ரசீது புத்தகத்தோடு போகச் சொல்லுங்கள். கடை பெயரை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாம் சேர்த்தால் உங்கள் தாள் ஏறக்குறைய இப்படி வரும்:

"வீட்டுக்கு மளிகைப் பட்டியல் போடறது யாருங்க? அவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"கடைசியா சமையல் எண்ணெய் வாங்குனது எப்போ? எந்தக் கடையில?"

"அன்னிக்கு என்னென்ன எண்ணெய், எத்தனை லிட்டர் வாங்குனீங்க? லிட்டர் என்ன விலை?"

"இந்த மாசம் ரேஷன்ல பாமாயில் வாங்குனீங்களா? எதுக்குப் பயன்படுத்துறீங்க?"

"போன மூணு மாசத்துல செக்கு எண்ணெய் வாங்குனீங்களா? எங்கே?"

நின்றுபோனவர்களுக்கு மட்டும்: "கடைசியா செக்கு எண்ணெய் வாங்குனதுக்கு அப்புறம், அடுத்த தடவை எங்கே போய் என்ன வாங்குனீங்க? அப்போ என்ன நடந்துச்சு?" இங்கே "ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல் ஒலிக்கும்.

"தண்ணி கேன், பால், மாவு இதுல எது உங்க வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க? காசு எப்போ கொடுக்கிறீங்க?"

பிறகு அட்டை, பத்துக்கு எத்தனை, முன்பணம். கடைசியில் வீட்டில் எத்தனை பேர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், ஏசி.

இதை அச்சடிப்பதற்கு முன் ஐந்து பேரிடம் ஓட்டிப் பாருங்கள், சொந்தக்காரர்கள் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னதும், "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். ஐந்தில் இருவர் வேறு மாதிரி சொன்னால் கேள்வியை மாற்றுங்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சமாளிக்க வேண்டாம்.

இன்னொன்று. நூறு வீடு போனால் எத்தனை முன்பணம் வந்தால் வண்டி வாங்குவீர்கள், எத்தனைக்குக் கீழே என்றால் திட்டத்தையே ஒத்திவைப்பீர்கள் என்ற இரண்டு எண்களை, முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே எழுதித் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கான வண்டிக் கடன், பெட்ரோல், ஆள் சம்பளம் மூன்றையும் கூட்டி, ஒரு கேனுக்கு நிற்கும் லாபத்தால் வகுத்தால் மாதம் எத்தனை கேன் விற்க வேண்டும் என்று தெரியும், அதிலிருந்து அந்த எண்களுக்கு வரலாம். பதில்கள் வந்தபிறகு அதை நிர்ணயிக்க உட்கார்ந்தால், வந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி மனசு தானாக இறங்கி வந்துவிடும்.